ஈக் கணக்கு

மார்ச் முடிவதற்குள் அறிக்கை போக வேண்டும்.
ஜெர்மனியில் நம் மாங்கூழ் வாங்குகிறவர்கள்
இந்த வருடம் புதுத் தாள் ஒன்று சேர்த்திருக்கிறார்கள்:
உங்கள் தொழில் எந்தெந்த உயிர்களை நம்பியிருக்கிறது,
எந்தெந்த உயிர்களுக்கு உங்களால் ஆபத்து.
லேபில் இருக்கும் பெண்ணுக்கு உயிரியல் தெரியும் என்று
என் மேசைக்கு வந்தது.
நான் பார்ப்பது இனிப்பு, புளிப்பு, பூஞ்சை எண்ணிக்கை.
உயிர் என்றால் எங்களுக்கு
டப்பாவுக்குள் இருக்கக் கூடாதது.

தண்ணீர்க் கட்டத்தை முதலில் நிரப்பினேன்.
ஆழ்குழாய் மூன்று, ஒன்றில் காற்று மட்டும்.
"காத்தை எதுக்கு எழுதறீங்க" என்றார் ஃபெரோஸ் சார்.
யானை: சூளகிரிப் பக்கம் வரும், இங்கே இல்லை.
தோலும் கொட்டையும் டிராக்டரில் போகின்றன.
எங்கே போகின்றன என்பதற்குக் கட்டம் இல்லை.

அடுத்தது மகரந்தச் சேர்க்கை.
தேனீ என்று அடித்தேன்.
பெங்களூர் ஏஜென்சி படமும் அனுப்பியிருந்தது,
சூரியகாந்தி மேல் ஒரு வெளிநாட்டுத் தேனீ.

ஆனால் நான் ஜனவரியில்
சந்தூர் தாண்டி, கெம்பண்ணன் தோப்புக்குப் போயிருந்தேன்.
பெங்களூரா மரங்கள் பூத்துச் சிவந்து நின்றன.
கிளைக்குக் கிளை வலைப்பை தொங்கியது. நாற்றம்.
துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டேன்.
"மத்தி மீனும்மா, சந்தையில மிஞ்சினது.
ஈ வரணுமில்ல?
மாம்பூவுக்கு ஈ தான். தேனீ முருங்கைக்குப் போயிரும்."

ஒரு பூங்கொத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றேன்.
பச்சை ஈ பதினொன்று.
வயிற்றில் கோடு போட்ட சின்ன ஈ நான்கு.
எறும்பை எண்ணவில்லை.
தேனீ ஒன்று, வழி விசாரிக்க வந்தது போல
வந்து, போனது.

மரத்தடியில் ஒரு டின். மேலே எங்கள் கம்பெனி ஸ்டிக்கர்.
"தத்துப்பூச்சிக்கு அடிக்கச் சொல்லி
உங்க ஆளுதான் பாதி விலைக்குக் குடுத்தாரு.
அடிச்சா ஈ வராது. அடிக்காட்டி பூ நிக்காது.
இதுல எதை எழுதுவீங்க?"
மூடியைத் திறக்காமலே வைத்திருந்தார்.

தொழிற்சாலையில் இன்னொரு பதிவேடு உண்டு, பச்சை அட்டை.
அதை எழுதுகிறவளும் நான்தான்.
ஊதா விளக்குப் பெட்டிகள் பதினெட்டு.
காலையில் தட்டை இழுத்து
பசைத்தாளில் ஒட்டிக்கிடப்பதை எண்ணி
பெட்டி எண், தேதி, கையெழுத்து.
சீசனில் ஒரே நாளில் நானூற்று ஆறு.
பூஜ்யம் வந்த வாரம்
ஃபெரோஸ் சார் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கினார்.

தேனீயை அழித்துவிட்டு ஈ என்று அடித்தேன்.
கட்டம் சிவப்பானது.
ஏஜென்சிப் பெண் போனில் பொறுமையாகச் சொன்னாள்:
ஈ ஏற்கெனவே உங்கள் ஒழிப்புப் பட்டியலில் இருக்கிறது,
ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால்
சாஃப்ட்வேர் ஏற்காது.
அதுவும் போக, சாப்பாட்டுக் கம்பெனி
ஈயை நம்பிப் பிழைக்கிறது என்றா எழுதுவது?
'பறக்கும் உள்ளூர்ப் பூச்சிகள்' என்று போடுங்கள்.
போட்டேன். பச்சையானது.
சார்பு: அதிகம்.
நம்மால் ஆபத்து என்ற இடத்தில்
ஃபெரோஸ் சார் முன்பே 'குறைவு' என்று நிரப்பியிருந்தார்.
டின்னைப் பற்றி நாலு வரி எழுதினேன்.
அதை 'களப் பயிற்சி நடைபெறுகிறது' என்று சுருக்கி
அனுப்பிவிட்டார்கள்.

சீசன் இல்லாவிட்டாலும் ஊதா விளக்குகள் எரிகின்றன.
இன்று ஏழாம் பெட்டியில் மூன்று ஈ.
ஒன்றின் கால் இன்னும் அசைந்தது.
பச்சைப் பதிவேட்டின் கடைசியில் குறிப்பு என்றொரு பத்தி,
பதினோரு வருடமாக யாரும் எழுதாதது.
அதில் எழுதினேன்:
கெம்பண்ணன் தோப்பில் பிஞ்சு பிடித்திருக்கிறது,
கோலிக்குண்டு அளவு.

ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வது என்று
இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.